மாடியிலிருந்து பிரிண்ட்

பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிற கன்னியப்பன் வந்தபோது மணி ஒன்றரை. வெயில் கிரில் கதவைத் தாண்டி ஹாலில் பாதி வரைக்கும் வந்து கிடந்தது. பட்டாபிராம் சைடிங் பக்கம் கூட்ஸ் வண்டியில் பெட்டி கோக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணனூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பயப்படுவதற்கு ஒரு காரணமும் இல்லாத நேரம்.

"எதும்மா மிஷினு?"

கட்டிலுக்கு அடியில் ஐந்து வருஷமாகச் சாக்கு சுற்றிக் கிடந்த பிரிண்டரை மேஜைமேல் எடுத்து வைத்திருந்தேன். 'அது செத்துப்போச்சு, தூக்கிப் போடு' என்று என் கணவர் ஜெகதீசன் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. எனக்கு மனசு வரவில்லை. அது என் தங்கை ரேணுகாவுடையது. இப்போது என் மகள் நிஷாவுக்குப் பள்ளியில் வாரத்துக்கு நாலு தாள் பிரிண்ட் கேட்கிறார்கள். ஜெராக்ஸ் கடை வரிசையில் நின்று அலுத்துப்போய், அவர் அம்பத்தூருக்கு ஷிஃப்ட் போன நேரம் பார்த்து ஆளை வரவழைத்தேன்.

எங்கள் மாடியில் ஒற்றை அறை ஒன்று உண்டு. ரேணுகா அதில்தான் இருந்தாள். ஊராருக்கெல்லாம் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள். மேலே உட்கார்ந்தபடி போனிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் கீழே ஹாலில் தாள் வந்து விழும். எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிற ஆள் நான்தான்.

கொரோனா இரண்டாம் அலையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு அப்போது எட்டாம் மாதம். படியில் கால் வைக்கவே கூடாதென்று என்னைக் கீழே உட்காரவைத்துவிட்டு, சாப்பாட்டை ஜெகதீசனே கொண்டுபோய் வைத்தார். இரண்டு நாள் வாட்ஸ்அப்பில் பேசினாள். மூன்றாம் நாள் சாயங்காலத்திலிருந்து போன் போகவில்லை. "தூங்குறா, தொந்தரவு பண்ணாத" என்றார் அவர். மறுநாள் காலை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார். கடைசியில் ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லையே என்று இத்தனை வருஷமாக எனக்கு அவள்மேல் வருத்தம். கோபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னியப்பன் ஒரு பொத்தானை அழுத்தினார். ஒரு தாள் வெளியே வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"மிஷினு ஜோராக் கீதும்மா. லேசரு, அதான் மை காயல. வைஃபைதான் கெடைக்கல. 'ரேணு'ன்னு ஒரு பேரைத் தேடிகினு கீது. உங்க ஊட்டு வைஃபை பேரு வேறயாச்சே."

"கம்பெனிக்காரங்க மாத்திட்டாங்கன்னு அவர் சொன்னாருண்ணே."

வைஃபை பெட்டியின் செட்டிங்கைத் தன் போனில் திறந்து பார்த்தார். "கம்பெனி மாத்தலம்மா. ஊட்ல இருந்தேதான் மாத்திகீறாங்க. பேரு, பாஸ்வேர்டு ரெண்டும். ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, மே பத்தொம்போது, சாயங்காலம் நாலு பத்து."

மே பத்தொன்பது. அந்த மூன்றாம் நாள்.

ரேணுகாவின் சிம்மில் ரீசார்ஜ் தீர்ந்திருந்தது. என்னிடம் பேச அவளுக்கு இந்த வைஃபை ஒன்றுதான் வழி. அது ஜெகதீசனுக்கும் தெரியும்.

கன்னியப்பன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். "இதுல டைப் அடிக்க ஸ்கிரீன் இல்ல. பழைய பேரையும் பாஸ்வேர்டையுமே பெட்டில போட்டுட்றேன். அது தெரிஞ்சதெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும். நாங்க எப்பவும் பண்றதுதான். நெனவு கீதா?"

சொன்னேன்.

சிமிட்டிக்கொண்டிருந்த நீல விளக்கு நிலையாக நின்றது.

"ஒட்டிக்கிச்சு" என்றவர் போனைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "ரெண்டு வந்துகீதும்மா. ஒண்ணு பிரிண்டரு. இன்னொண்ணு 'ரேணுகா போன்'னு காட்டுது. சிக்னல் ஃபுல்லு. மாடிலயா வெச்சிகிறீங்க?"

அந்தப் போனை அவளுடைய துணிகளோடு சேர்த்து எரித்துவிட்டதாக ஜெகதீசன் சொல்லியிருந்தார்.

பிரிண்டர் உறுமியது. சூடான தாளின் வாசனையோடு கபசுரக் குடிநீரின் கசப்பு வாடையும் சேர்ந்து வந்தது. அந்த நாட்களுக்குப் பிறகு என் வீட்டில் அதை நான் காய்ச்சியதே இல்லை.

முதல் தாள் விழுந்தது.

'அக்கா, மெசேஜ் போகல.'

அடுத்தது.

'அக்கா, மூச்சு விட முடியல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு.'

அடுத்தது.

'அக்கா, கதவு வெளியில தாழ் போட்டிருக்கு.'

கன்னியப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "யாரும்மா அனுப்புறது?"

"என் தங்கச்சி."

"மேலயா கீறாங்க?"

"செத்து அஞ்சு வருஷம் ஆச்சுண்ணே."

அவர் பையை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெயிலில் இறங்கிப் போனார். தாள்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாமே 'அக்கா' என்றுதான் ஆரம்பித்தன. அவள் என்னைக் கேட்டிருக்கிறாள். மூச்சுக்கே வழியில்லாமல், முப்பது தடவைக்கு மேல் கேட்டிருக்கிறாள்.

மூன்று மணிக்கு ஜெகதீசன் வந்தார். பிரிண்டரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். தாள்களை அவர் கையில் கொடுத்தேன். உதடு அசையப் படித்தார்.

"நீ மேல ஏறிப் போயிருப்ப, லாவண்யா. உன்னை எனக்குத் தெரியும். வயித்துல புள்ள. எந்த ஆஸ்பத்திரிலயும் பெட்டு இல்ல. நான் இன்னா பண்ணுவேன்?"

"தாழ்?"

"எறங்கி வந்துகினு இருந்தா."

"அவ என்னை நெனைக்கவே இல்லன்னு உங்க மடியில படுத்துத்தானே இத்தனை வருஷமா அழுதேன். தலையைத் தடவிக் கொடுத்துகினு சும்மா இருந்தீங்களே."

அவர் போய் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

பிரிண்டரின் நீல விளக்கு அணையவில்லை.

இன்னொரு தாள் வந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. "எவனோ மேல பூந்து விளையாடுறான்" என்று படியேறினார். மாடி அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நான் தாளை எடுத்துப் பார்த்தேன்.

'அக்கா, மாமா உள்ள வந்துட்டாரு. நீ வராத.'

மேலே தாழ் விழுந்தது. வெளிப்பக்கத் தாழ். மாடியில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

"லாவண்யா" என்று கூப்பிட்டார். கதவைத் தட்டினார். அப்புறம் உதைத்தார். படிக்கட்டு வரை போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். கபசுரக் குடிநீர் வாடை படியெல்லாம் இறங்கி வந்தது. மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலுக்கு நடுவே மூச்சு வாங்கியது.

பின்னால் பிரிண்டர் கீச்சென்று ஒலி எழுப்பியது. தாள் தீர்ந்துவிட்டதென்று சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

நான் ஹாலுக்குத் திரும்பி வந்தேன். நிஷாவுக்காக வாங்கி வைத்திருந்த புதுக் கட்டைப் பிரித்து, தட்டு நிறையத் தாள் வைத்தேன்.