வாரேன் என்று சொன்னவர்கள்

காலை ஷிப்டுக்கான சங்கு ஊதியதும் கோவில்பட்டிப் புதுக்குடியிருப்பில் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். குழாயடிச் சண்டை பாதியில் நிற்கும். டீக்கடைக்காரர் சீனி போடவா என்று கேட்க மாட்டார். கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். வெளியூர் ஆள் வழி கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்களே தவிர உதட்டைப் பிரிக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒருத்தி பெருமூச்சு விட்டுக் குடத்தைத் தூக்குவாள். சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

அன்றும் ஜெபக்கனி அப்படித்தான் குழாயடியில் நின்றாள். காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்திருந்த செவிமணி அதிர்ந்தது. அவள் புருஷன் செல்வின் பேசினான்.

"அந்த நீலச் சட்டய ஊறப் போட்டுராத, சாயம் போவும். வாரேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் குடத்தை வீட்டில் இறக்கிவிட்டு வேலைக்கு நடந்தாள். செல்வினைக் கடல் கொண்டுபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

தூத்துக்குடியின் பாதி தண்ணீருக்குள் போன பிறகு, மிச்சத்தைக் காப்பாற்றக் கடலுக்குள் மதில் கட்டினார்கள். இன்னும் கட்டுகிறார்கள். புதுக்குடியிருப்பு ஆட்கள் பஸ் ஏறிப் போவது அந்த வேலைக்குத்தான். வான் அலைகளில் இடமில்லாமல் போய், நேராகப் பேசும் போன்கள் நின்றுவிட்ட காலம் அது. யார் எது பேசினாலும் அது முதலில் வரிசைத் தொகுதிக்குப் போகும். கிளஸ்டர் என்றும் சொல்வார்கள். அங்கே அவரவர் வரிசையில் நின்று, கேட்கிறவர் காது ஓய்ந்திருக்கும்போது இறங்கும். கேட்டவர் உம் கொட்ட வேண்டும். கொட்டினால், போய்ச் சேர்ந்துவிட்டது என்று தொகுதி அந்தப் பேச்சை அழித்துவிடும். கொட்டாவிட்டால் மறுநாள் அதே வேளைக்கு அதே பேச்சை மறுபடியும் கொண்டுவரும். எலும்புக்குள் ஒலிப்பதை வேறு எந்தக் கருவியிலும் பிடித்து வைக்க முடியாது.

மதில் உடைந்து செல்வினோடு கடலில் போனவர்கள் எல்லாரும் அன்று காலை பஸ்ஸில் ஏறும்போது வீட்டுக்குப் பேசியவர்கள். அவை மறுநாள் சங்கு ஊதும்போதுதான் வீடு வந்து இறங்கின; யாரும் உம் கொட்டவில்லை. அந்தப் பேச்சுகள்தான் சங்கு ஊதும் வேளைக்குத் தினமும் வருகின்றன. எதிர்வீட்டு அன்னத்தாயிடம் ஒருநாள் சங்கு வேளையில் மருமகள் மறதியாக, "உப்பு போட்டாச்சா அத்த?" என்று கேட்டாள். அன்னத்தாய் "ம்" என்றுவிட்டாள். அவள் மகன் அதோடு போய்விட்டான். இப்போதும் சங்கு ஊதினால் மற்றவர்களோடு அவளும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறாள்.

ஜெபக்கனிக்கு வரிசைக்கூடத்தில் வேலை. தொகுதியின் அமைப்புப் பலகையில் இரண்டு பொத்தான்கள் உண்டு: காண், திருத்து. காண் என்பதை ஒருவரே அழுத்தலாம். திருத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் உம் கொட்ட வேண்டும். அதுவரை எந்தத் திருத்தமும் ஏறாது. அவளோடு வேலை பார்த்த இசக்கிராஜ் தலை நரைத்த பிறகு எழுத்துப் படித்தவர். திரையில் வந்திருந்த மேலிடத்து உத்தரவை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"வி... டைச்... சொற்கள். என்னம்மா இது, விடுகதையா?"

"கெளம்பும்போது சொல்லுத சொல்லு, அண்ணாச்சி. அதச் சொன்னா அந்த ஆளு வரிசய மூடிரும்."

பிணம் கிடைக்காதவர்களுக்குச் சாவுச் சான்று கிடையாது. அவர்கள் வரிசையை மூடுவதா வேண்டாமா என்று தொகுதி கடைசிச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். பலகையில் விடைச்சொல்லாக 'போறேன்' இருந்தது. 'வாரேன்' என்பதற்கு நேரே 'வருகை' என்று இருந்தது. ஆகவே கடலில் போனவர்கள் எல்லாரும் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று தொகுதி காத்திருந்தது. வரிசை திறந்து கிடந்ததால் வீட்டுக்காரர்களும் பேசினார்கள். என்ன குழம்பு, யாருக்குக் கல்யாணம், எந்தப் பல் வலிக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். கேட்க ஆளில்லை, உம் கொட்ட ஆளில்லை. ஒன்றும் அழியாமல் சேர்ந்து சேர்ந்து, உயிரோடு இருப்பவர்கள் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

"இந்த எந்திரத்துக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தவன் எந்தூர்க்காரனோ!" என்றார் இசக்கிராஜ். "வாசல்ல நின்னு போறேன்னு சொல்லுவானாம்ல! எங்க வீட்டுல சொன்னா வெளக்குமாறு பறக்கும்."

"என்ன திருத்தணுமாம்?"

"வாரேன்னாலும் போறேன்னு அர்த்தமாம். அப்படிப் போடச் சொல்லுதாவ."

"செல்வின மட்டும் விட்டுட்டுத் திருத்த முடியாதா, அண்ணாச்சி?"

"ஆளுக்கு ஒண்ணா வைக்குத அமைப்பா இது? ஊருக்கே ஒண்ணுதான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க மச்சினி மவனும் அதுக்குள்ளதாம்மா கெடக்கான்."

"நாளைக்குச் சங்கு ஊதும்போது செய்வோம்," என்றாள் ஜெபக்கனி.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரையை அணைத்தார்.

சாயங்காலம் மகன் ரூபன் மதில் வேலையிலிருந்து வந்தான். சட்டையில் காய்ந்த சிமென்ட். தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

"எங்கூட வேல பாக்குத பிச்சமணிக்குக் கால எடுத்துட்டாவ, எம்மா."

அவள் கரண்டியை வைத்தாள்.

"கிரேன்ல கல்லு எறங்குது. எரச்சல்ல கத்துனா கேக்காது, செவிமணியில 'வெலகு'ன்னு சொல்லுதேன். ஒரே ஒரு சொல்லு. அது வரிசயில நின்னு நின்னு அவன் காதுக்குப் போவுததுக்குள்ள கல்லு எறங்கிட்டு."

"அதுக்கு நா என்னலே செய்ய?"

"நீயா செஞ்ச? ஊரே செய்யுது. செத்தவங்ககிட்ட நித்தம் கத பேசிக்கிட்டு."

"செத்தவங்கன்னு சொல்லாத."

"சரி. வாரேன்னு சொன்னவங்க." அவன் தலையைத் தூக்கினான். "நாளைக்கு நானும் ஒரு சொல்லு சொல்லுவேன். அது நா போன பொறவுதான் ஒங்கிட்ட வரும். அதயும் பல்லக் கடிச்சிக்கிட்டுக் கேப்பியா?"

அன்று அவள் பாத்திரம் கழுவும்போது செல்வினின் வரிசையில் பேசினாள். "ரூபனுக்கு ஒன் கோவம் அப்படியே வந்திருக்கு," என்றாள்.

மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்பே இசக்கிராஜ் திருத்து பொத்தானை அழுத்தியிருந்தார். ஊதியது. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"வா... ரேன். விடைச்சொல். வரிசை மூடப்படும்."

பலகை அவள் குரலுக்குக் காத்து நின்றது. செவிமணி அதிர்ந்தது. அந்த நீலச் சட்டய ஊறப் போட்டுராத. சட்டையை அவள் அன்றைக்கே ஊறப் போட்டிருந்தாள். சாயம் போய்விட்டது. அதை அவனிடம் சொன்னதே இல்லை. சாயம் போவும். வாரேன்.

"உம்," என்றாள்.

பலகைக்குச் சொன்னாளா அவனுக்குச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. 'திருத்தம் ஏற்கப்பட்டது' என்று எழுத்து வந்தது. சேர்ந்து கிடந்த பேச்சுகள் அழிய அழிய, பெருங்கூடத்தில் எந்நேரமும் இரைந்துகொண்டிருந்த குளிர்விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தன. அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து அவர்கள் பார்த்ததில்லை. இசக்கிராஜ் சுவரைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டார்.

அடுத்த நாள் ஊர் சங்கு வேளையில் பழக்கத்தில் வாயை மூடியது. ஒருவர் காதிலும் ஒன்றும் இறங்கவில்லை. ஒருத்தி செவிமணியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அன்னத்தாய் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மதிலில் பேச்சுகள் சொன்ன மாத்திரத்தில் போய்ச் சேர்ந்தன. ஆனால் முதல் நாளே வேறொன்று தெரிந்தது. வீட்டில் வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் வீட்டோடு இருந்த வரிசை மூடிவிட்டது. திரும்பி வந்து, வந்துவிட்டதாகப் பதியும்வரை ஒரு வார்த்தை போகாது, வராது. மேலிடத்தில் கேட்டால், விடைச்சொல் சொல்லாமல் கிளம்பினால் போதும் என்று பதில் வந்தது. ஊர் அதையும் பழகிக்கொண்டது.

மாதக் கடைசியில் ரூபனுக்கு மதிலின் வெளிப்பக்கத்தில் வேலை போட்டார்கள். அலை நேராக அடிக்கிற பக்கம். காலையில் பூட்ஸைக் கட்டி முடித்து வாசலில் நின்றான். அவன் வாய் தானாகத் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டான்.

"என்னத்தயாவது சொல்லிட்டுப் போலே," என்றாள் ஜெபக்கனி.

அவன் யோசித்தான். போறேன் என்று சொல்ல அவனுக்கு நாக்கு வளையவில்லை. மற்றதைச் சொன்னால் மூடிவிடும். அம்மாவின் கையை ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டுப் படியிறங்கினான்.

பகலெல்லாம் அவன் பேச்சு உடனுக்குடன் வந்தது. வந்து சேந்துட்டேன். சாப்ட்டாச்சு. காத்து கூடுதலா இருக்கு. ஒவ்வொன்றுக்கும் அவள் உம் கொட்டினாள். ஒவ்வொன்றும் அழிந்தது. அவன் வீட்டை விட்டுப் போனதற்கு மட்டும் எந்தச் சொல்லும் இல்லை.