தாயார் கையொப்பம்

“இன்னைக்கு யூனிஃபார்ம் வேண்டாம்” என்று ஓரகத்தி வந்து சொன்னபோது, சின்னவள் மகளின் பாவாடை மடிப்பில் இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“லீவாக்கா? பாப்பா ஒண்ணும் சொல்லலையே...”

“லீவெல்லாம் இல்ல. முதல்ல அந்தப் பெட்டியை அணைச்சுட்டு இப்படி வா. அவரு கூப்பிடறாரு.”

சின்னவள் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினாள். அந்த வீட்டில் அவளிடம் ஒரு கெட்ட செய்தியைச் சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. அவள் கையில் சூடானதோ கூரானதோ எதுவும் இருக்கக் கூடாது. ஒரு நாற்காலி இழுத்துப் போட்டிருப்பார்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். கல்யாணமான முதல் வருஷம் மாமனார் இறந்த செய்தி வந்தபோது அவள் மயங்கி விழுந்துவிட்டாள். அப்போது அவள் மூன்று மாதக் கர்ப்பிணி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அதையெல்லாம் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ‘சின்னவ தாங்கமாட்டா’ என்பது மட்டும் பதினேழு வருஷமாக நின்றுவிட்டது.

சாப்பாட்டு மேசையருகே நாற்காலி தயாராக இருந்தது. தண்ணீரும் இருந்தது.

எதிரே பெரியவர். அவளுடைய கணவரின் அண்ணன். கடைவீதியில் அண்ணனும் தம்பியுமாகத் தொடங்கியது மூக்குக்கண்ணாடிக் கடை. அண்ணன் முன்னால் உட்கார்ந்து கண்ணைப் பரிசோதித்துப் பவர் எழுதுவார். தம்பி பின்னறையில் சாணைச் சக்கரத்தில் கண்ணாடியைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவார். தம்பி இறந்த பிறகு அந்தச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தவள் சின்னவள்தான். அவர் போய் ஒன்பது மாதம் ஆகிறது. இதுவரை ஒரு கண்ணாடியும் அவள் கையில் உடைந்ததில்லை.

சுவரோரமாகப் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வயது. பார்வை தரையில் இருந்தது.

“உக்காரும்மா” என்றார் பெரியவர். “பதட்டப்படாதே. நல்ல விஷயம்தான்.”

“நல்ல விஷயத்துக்கு எதுக்கு அத்தான் தண்ணி?”

ஓரகத்தி டம்ளரை அவசரமாக எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் தானே குடித்துவிட்டாள்.

பெரியவர் பழுப்பு உறை ஒன்றைத் தள்ளினார். “பள்ளிக்கூடத்துல ஒரு பரீட்சை வெச்சிருக்காங்க. கடைசி ரெண்டு வருஷப் பாடத்தையும் ஒரே தடவையில எழுதிப் பாஸ் பண்ணிட்டா, அந்த ரெண்டு வருஷம் உக்கார வேண்டியதில்ல. இப்பவே முடிச்சதா சர்டிஃபிகேட் குடுத்துடுவாங்க. நம்ம பாப்பா எழுதினா. அந்த வகுப்புல எட்டுப் பேர் எழுதினதுல இவ ஒருத்திதான் பாஸ்!”

“எப்ப எழுதினா?”

“போன மாசம்... நாலு நாள்.”

போன மாதம் அந்த நாலு நாளும் அவள் பாப்பாவுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறாள். திரும்பி வந்ததும் ‘இன்னைக்கு என்ன நடத்தினாங்க?’ என்று கேட்டிருக்கிறாள். ‘வழக்கம்போலதாம்மா’ என்று பதில் வந்திருக்கிறது.

“எழுதறதுக்கு அப்பா அம்மா சம்மதம் வேணாமா?”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாடிக்கையாளர்கள் எவ்வளவு கத்தினாலும் சிரிப்பு மாறாமல் பேசுகிற மனிதர், இப்போது பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார்.

“சம்மதம் இருந்துச்சும்மா. தம்பி போட்டான்.”

“யாரு?”

“உன் வீட்டுக்காரன்தான். ஆனா ஸ்கூல் ஆபீஸ்ல இப்ப என்ன சொல்றாங்கன்னா, கையெழுத்துப் போட்டவரு இல்லாததால செல்லாதாம். உயிரோட இருக்கிற தாயார்தான் போடணுமாம். நாளைக்குள்ள குடுக்கலைன்னா தேர்ச்சி ரத்தாயிடும். அதனாலதான்...”

“அதனாலதான் சொல்றீங்க” என்றாள் சின்னவள். “கையெழுத்து வேணுங்கறதால சொல்றீங்க. இல்லைன்னா சொல்லியிருக்க மாட்டீங்க!”

அவள் உறையைப் பிரித்தாள். விண்ணப்பத்தின் அடியில் தந்தையின் கையொப்பம். ஊசி ஏறி வீங்கிய கையால் போட்ட, கோணிப்போன அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா! பக்கத்தில் தேதி. அந்தத் தேதியை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவர், ‘குளிருது, வீட்டுல இருக்கிற அந்தச் சாம்பல் சால்வையை எடுத்துட்டு வர்றியா?’ என்று கேட்டார். இரண்டு பஸ் மாறி வந்து, பீரோவின் அடித்தட்டில் தேடி எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறித் திரும்பினாள். ‘இவ்வளவு நேரமா?’ என்று சிரித்தார். சால்வையைப் போர்த்திக்கொள்ளவில்லை. கால்மாட்டில் வைக்கச் சொன்னார்.

அவளை வெளியே அனுப்புவதற்காகவே கேட்டிருக்கிறார்.

குறிப்பு என்றிருந்த கட்டத்தில் அதே கோணல் எழுத்தில் இரண்டு வரி: ‘கடிதங்களை என் அண்ணன் பெயருக்குக் கடை முகவரிக்கு அனுப்பவும். தாயாருக்குத் தெரிய வேண்டாம். அவள் தாங்கமாட்டாள்.’

சின்னவள் அழவில்லை. ஓரகத்தி அவள் தோளைப் பிடிக்கத் தயாராகப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

“விழ மாட்டேன்கா. தள்ளி நில்லுங்க.” பிறகு பெரியவரைப் பார்த்தாள். “பிழைக்க மாட்டோம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, இல்லையா அத்தான்?”

“டாக்டர் எங்கிட்டயும் அவன்கிட்டயும் சொன்னாரும்மா. உனக்குத் தெரிய வேண்டாம்னு அவன்தான்... கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினான். நான் என்ன பண்ணுவேன்?”

“பாப்பாவுக்கு?”

சுவரோரமிருந்து சின்னக் குரல் வந்தது. “தெரியும்மா...”

“அக்கா, உங்களுக்கு?”

ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆக, ஊருக்கே தெரியும். கூடவே ராப்பகலா உக்காந்திருந்தவளுக்கு மட்டும் தெரியாது!” சின்னவள் சிரித்தாள். கேட்கப் பொறுக்காத சிரிப்பு. “எனக்கும் தெரியும் அத்தான்.”

பெரியவர் நிமிர்ந்தார்.

“அவரு போறதுக்குப் பதினோரு வாரத்துக்கு முன்னாடியே தெரியும். ட்ரிப் மாத்த வந்த நர்ஸ், எனக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டு, ‘மனசைத் தேத்திக்குங்க, வலி தெரியாம பாத்துக்கலாம்’னா. நான் மயங்கி விழல. பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கிட்டு வந்து, ‘டாக்டர் இன்னைக்கு ரொம்ப நல்லாச் சொன்னாரு’ன்னு அவருகிட்ட சொன்னேன். அவரும், ‘ரெண்டு மாசத்துல சக்கரத்துல உக்காந்துடுவேன் பாரு’ன்னாரு. அவருக்குத் தெரியாதுன்னு நினைச்சு நான் நடிச்சேன். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு அவரு நடிச்சாரு. பதினோரு வாரம் அத்தான்...! ஒரு நாள், ஒரே ஒரு நாள், ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாமே! அதைக்கூட எனக்கு விடலையே நீங்க எல்லாரும்!”

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. பெரியவர் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். தம்பி இறந்த அன்றுகூட எல்லாருக்கும் முன்னால் நின்று காரியங்களைப் பார்த்த மனிதர், சாப்பாட்டு மேசையில் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“தப்பும்மா... தப்புதான். உன்னைக் காப்பாத்தறதா நினைச்சோம்.”

“காப்பாத்தல அத்தான். ஒதுக்கி வெச்சீங்க.”

பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழக்க தோஷத்தில் வேலைப் பேச்சுக்கு வந்தார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. கையெழுத்தைப் போட்டுடு. பாப்பா நாளையிலிருந்து கவுண்டர்ல வந்து உக்காரட்டும். தம்பி ஆசைப்பட்டதும் அதுதான். எனக்கும் ஒரு துணை...”

“கவுண்டருக்கு ஆள் வேணும்னா கடைக் கண்ணாடியில போர்டு மாட்டுங்க அத்தான், நூறு பேர் வருவாங்க” என்றாள் சின்னவள். “பாப்பா, இங்க வா.”

பாப்பா வந்தாள். அடி விழும் என்று எதிர்பார்ப்பவள்போலத் தோள்களைக் குறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்பா கேட்டாரு, நீ சரின்னே. பெரியப்பா கேட்டாரு, சரின்னே. இப்ப நான் கேக்கறேன். எனக்காகச் சரின்னு சொல்லாதே. உனக்கு என்ன வேணும்?”

“நீ கோவப்படக் கூடாது.”

“கோவம் ஏற்கெனவே வந்தாச்சு. நீ சொல்லு.”

பாப்பா உதட்டைக் கடித்தாள். “எனக்கு அந்த ஸ்கூல் வேண்டாம்மா. அப்பாவுக்காக எழுதினேன்னு இவங்க நினைக்கிறாங்க. அது பாதிதான். அந்தக் கணக்குப் புஸ்தகத்தை நான் போன வருஷமே முடிச்சுட்டேன். டீச்சர் போர்டுல போடறதுக்கு முன்னாடி விடை வந்துடுது, அப்புறம் முக்கால் மணி நேரம் ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்பா போனதுக்கப்புறம் எல்லாரும் எங்கிட்ட மெதுவாப் பேசறாங்க. நோயாளிகிட்டப் பேசற மாதிரி...! மூச்சு முட்டுதும்மா.”

“அப்ப, கடை?”

பாப்பா பெரியப்பாவை ஒரு தரம் பார்த்தாள். “கடையும் வேண்டாம். காலேஜ்ல சேர்ந்து கணக்கு படிக்கணும். அதை அப்பாகிட்ட சொல்ல முடியல. அவரு... அந்த நிலைமையில எப்படிம்மா சொல்றது?”

நீயுமா, என்று சின்னவள் நினைத்தாள். பதினாறு வயதுக்குள் இவளும் இந்த வீட்டின் வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டாள். யார் எதைத் தாங்குவார்கள் என்று தானே தீர்மானித்து வாயை மூடிக்கொள்வது!

பள்ளியின் கடைசி இரண்டு வருஷங்கள்... அவள் அவற்றை எவ்வளவு ஆசையாக எண்ணி வைத்திருந்தாள்! இன்னும் இரண்டு வருஷம் மகளுக்குச் சடை பின்னலாம், சாப்பாடு கட்டலாம், வாசலில் நின்று கை காட்டலாம் என்று. புருஷன் போன வீட்டில் அவளுக்கென்று மிச்சமிருந்தவை அந்த இரண்டு வருஷக் காலைகள்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

“பேனா குடுங்க அத்தான்.”

“நிஜமாவா? நீ ஒத்துக்கவே மாட்டே, அழுது ஊரைக் கூட்டுவேன்னு...”

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன்! இந்த வீட்டுல என்னைக் கேட்டதுதான் இல்ல.”

முதலில் குறிப்புக் கட்டத்துக்குப் போனாள். அந்த இரண்டு வரிகளையும் அளவெடுத்ததுபோல நேராக ஒரு கோடு போட்டு அடித்தாள். மேலே எழுதினாள்: ‘எல்லாக் கடிதங்களும் தாயாருக்கே அனுப்பப்பட வேண்டும்.’ பிறகு கையொப்பம். சாணைச் சக்கரத்தில் பழகிய கை. எழுத்து துளியும் நடுங்கவில்லை.

“கல்லூரியில விண்ணப்பம் குடுக்க நானே இவளைக் கூட்டிட்டுப் போறேன். பின்னறை வேலையை விட மாட்டேன் அத்தான், பயப்படாதீங்க. காலையில ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்து உக்காந்துக்கறேன். ஆனா இனிமே இந்த வீட்டுல எனக்குத் தெரியாம ஒண்ணு நடந்துச்சுன்னா, நானும் என் பொண்ணும் தனியா இருந்துக்குவோம். இதை மிரட்டலா எடுத்துக்க வேண்டாம். சொல்லிட்டேன், அவ்வளவுதான்.”

பெரியவர் தலையாட்டினார். எழுந்து, கைகூப்புவதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் அவள் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார். ஓரகத்தி மூக்கைத் துடைத்தபடி, “நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதுடி... ஆஸ்பத்திரி வராந்தாவுல எத்தனை ராத்திரி உன் பக்கத்துலேயே படுத்திருந்தேன்” என்றாள்.

“ஆமா, இருந்திருக்கக் கூடாது” என்றாள் சின்னவள். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு அன்று மனம் வரவில்லை.

இருவரும் போன பிறகு பாப்பா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “அம்மா... மன்னிச்சுக்கம்மா... மன்னிச்சுக்கம்மா...” என்று அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சின்னவள் குனிந்து அவளை வாரி அணைத்துக்கொண்டாள். ஒன்பது மாதமாக ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தலையணையில் அழுத கண்ணீரெல்லாம் அப்போது ஒன்றாக வந்தது.

அழுகை அடங்கியதும் பாப்பா தலையைத் தூக்காமலே சொன்னாள். “அன்னைக்கு நீ சால்வை எடுக்கப் போயிருந்தப்ப... அப்பா அழுதாரும்மா.”

சின்னவளின் கை, மகளின் தலைமேல் நின்றது.

“என்ன சொன்னாரு?”

“சொல்லட்டுமா? நீ...” தாங்குவாயா என்று கேட்க வந்தவள், அந்த வார்த்தையை விழுங்கினாள்.

“சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு.”

பாப்பா சொல்லத் தொடங்கினாள். ஆரம்பத்திலிருந்து, மெதுவாக, எல்லாவற்றையும். பெரியவர் இரண்டு தடவை சாவியை எடுத்துக்கொண்டு வந்து கதவருகே நின்று பார்த்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பிப் போனார். அன்று கடை திறக்கப் பதினொன்றரை மணி ஆகிவிட்டது.