மூன்றாவது பிளக்

பழக்க தோஷத்தில் "கொடுடா" என்று சொல்லிவிட்டார் மெக்கானிக். என்ஜின் உறுமி ஏறியது. உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதிக்க ஆளே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

தூக்கி நிறுத்திய பானெட்டைச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தார். காலி இருக்கை. ஒரு சிலிண்டர் அடிக்காத வண்டி அப்படித்தான், தானாக ஏறும், தானாக இறங்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். விடுமுறை நாளின் பிற்பகல்; மழை வேறு பிடித்துக்கொண்டதால் தெருவில் ஈ காக்கை இல்லை. வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாதவனுக்கு விடுமுறை ஒரு கேடா என்றுதான் பட்டறைக்கு வந்திருந்தார்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று, சிலிண்டர்களின் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லை என்று கேட்க வேண்டும். உள்ளே உட்காருவது எப்போதும் தம்பிதான். "நான் உனக்குத் தம்பியாப் பொறக்கலண்ணே, வலது காலாப் பொறந்திருக்கேன்" என்பான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி மழை, இதே மாதிரி ஒரு சிலிண்டர் அடிக்காமல் மிஸ்ஸிங் ஆகும் வண்டி. சாரல் என்ஜினில் விழுகிறதே என்று ஷட்டரை இறக்கிவிட்டு, "ஆஃப் பண்ணாத, ஓடட்டும். பத்தே நிமிஷத்துல பிளக் வாங்கிட்டு வரேன்" என்று போனார். கடைக்காரரிடம் வாய் கொடுத்ததில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கியதும் முதலில் வெளியே வந்தது புகைதான். தம்பி ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்தான். அன்றிலிருந்து வேலை நேரத்தில் ஷட்டரை மேலே ஏற்றிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.

முதல் இணைப்பைக் கழற்றினார். வண்டி திணறியது, நின்றுபோகாமலிருக்க லேசாக ஒரு மிதி விழுந்த மாதிரி ஏறித் தணிந்தது. தம்பி சொல்லாமலே கொடுக்கும் அதே மிதி. இரண்டாவதற்கும் அப்படியே. நான்காவதற்கும். மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் எந்த மாற்றமும் இல்லை. செத்த சிலிண்டர் அதுதான்.

ஆஃப் செய்தார். இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டினார். கோளாறு மூன்றிலேயே நின்றது. அப்படியென்றால் கோளாறு காயிலில் இல்லை, பிளக்கில்தான். கழற்றிப் பார்த்தபோது அது கரி பிடித்து, பெட்ரோலில் நனைந்து, வெள்ளைப் பீங்கானில் விரிசல் விட்டிருந்தது.

கடை மூடியிருக்கும். மேசை இழுப்பறையில் ஒரே ஒரு பிளக் இருந்தது, பெட்டி பிரிக்காமல். தம்பி போன அன்றைக்கு வாங்கியது. தூக்கிப் போடவும் மனமில்லாமல், எந்த வண்டிக்கும் போடவும் மனமில்லாமல் வைத்திருந்தார். அளவு சரியாக இருந்தது. எவ்வளவு நாளைக்குத்தான் அழுதுகொண்டிருப்பது என்று எடுத்து மாட்டி முறுக்கினார்.

வண்டிச் சாவியைத் திருப்பிவிட்டு முன்னால் வந்து நின்றார். நான்கும் அடித்தன. பிசிறில்லாமல். ஆறு வருடமாக எந்த வண்டி சரியானாலும் வராத சிரிப்பு அவருக்கு வந்தது.

மழைச் சத்தம் தூரமாகிவிட்டது. வெளிச்சமும் குறைந்தது. மேகம் என்று நினைத்தார். ஆனால் புகை கண்ணைக் கரித்தது.

திரும்பினார்.

ஷட்டர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடுப்பைத் தடவினார். ஷட்டர் சாவி அங்கேயே இருந்தது.

பானெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கை முனகியது. யாரோ நிமிர்ந்து உட்காருகிற சத்தம்.

"பிளக் வாங்கிட்டு வர இவ்வளவு நேரமாண்ணே?"

கால் நகரவில்லை. "விடுடா" என்று சொல்லப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

என்ஜின் ஏறிக்கொண்டே போனது.