முதலில் வந்து நின்ற பக்கம்

பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிர்மாடியில் ராஜகுருவின் அறை. போலீஸ் வேலையில் கடைசிப் பத்து வருஷம் சைபர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது தனியாகத் துப்பறிபவர். வீரசோழனிலிருந்து வந்திருந்த பௌசியா, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம்மக சுமையா பொய் சொல்றாள்னு தெருவே பேசுது சார்."

விஷயம் இதுதான். நர்சிங் படிப்புக்கு அரசுத் தளத்தில் விண்ணப்பிக்க, கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அஃப்ரீத் ஒரு திங்கட்கிழமை தெரு வாட்ஸப் குழுவில் லிங்க் போட்டான். அவன் சுமையாவின் பெரியத்தா மகன், அண்ணன் முறை. பதினொரு பெண்கள் அன்றே விண்ணப்பித்துவிட்டார்கள். சுமையா மட்டும் காத்திருந்தாள். துபாயில் இருக்கும் அவள் தகப்பன் சாதிக் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்துதான் வீட்டுக்குப் பேசுவார். அவர் வாயால் சரியென்று வராமல் அந்த வீட்டில் ஒரு துரும்பும் அசையாது. சரி என்றார். அன்று மூன்று மணிக்கு அதே லிங்க்கைத் தட்டி, மார்க் ஷீட்டெல்லாம் ஏற்றி, 'பதிவு முடிந்தது' என்று வந்ததைப் பார்த்துத் துள்ளினாள் சுமையா. பட்டியல் வந்தபோது அவள் பெயர் இல்லை.

"அஃப்ரீத் எல்லாரு முன்னாலயும் அதே லிங்க்கைத் தட்டிக் காமிச்சான் சார். கவர்மெண்டு பக்கந்தான் வந்துச்சு. 'இவ விண்ணப்பமே போடலை, ஃபோன்ல வேற யார்கூடயோ பேசிட்டு இருந்திருப்பா'ன்னு ஒரு வார்த்தையும் விட்டுட்டான். இந்த வருஷம் சீட் கெடச்சா படிப்பு, இல்லைன்னா பாத்து வச்ச மாப்பிள்ளைக்கு நிக்காஹ்னு அவ அத்தா முன்னமே சொல்லிட்டாக. இப்ப அவுகளும் புள்ளையச் சந்தேகப்படுறாக."

"ஃபோனை எவனோ ஹேக் பண்ணியிருக்கான் சார்!" என்று எழுந்தே விட்டாள் யுவராணி. சட்டம் படித்துவிட்டு ராஜகுருவிடம் உதவிக்கு இருப்பவள், எதற்கும் முந்திக்கொள்வாள்.

"பொறும்மா. அந்த லிங்க்கைத் தட்டாதே, படி."

பௌசியாவின் ஃபோனில் குழுவைத் திறந்தாள் யுவராணி. புதன்கிழமை அஃப்ரீத் போட்ட படம் ஒன்று குறுக்கே வந்தது: புது பிரிண்டர், பின்சுவரில் அவனே அச்சடித்த நர்சிங் அறிவிப்பு, அதன் க்யூஆர் கோடு மேல் ஒட்டிய வெள்ளைத்தாள். ராஜகுரு அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். யுவராணி திங்கட்கிழமைக்குப் போய் லிங்க்கைப் படித்தாள்.

"முதல்ல தேடல் தளத்தோட பேரு. அப்புறம் ஒரு குறி. அப்புறம் நர்சிங், அட்மிஷன், தமிழ்நாடு... அரசுத் தளத்தோட பேரே இல்லையே சார்!"

"அந்தக் குறி இருந்தா பட்டியல் காட்டாது. அந்த நேரத்துல எது முதல் முடிவோ, நேரா அங்க கொண்டுபோய் விட்டுரும். ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் இதே லிங்க்ல வார்த்தையை மட்டும் மாத்திப் போட்டிருக்கான் பாரு. சரியான முகவரியைத் தேடி எடுக்க அவனுக்குச் சோம்பல்."

"அப்ப வெள்ளிக்கிழமை முதல்ல நின்னது வேற பக்கமா?"

பஸ் பிடித்து வீரசோழன் போனார்கள். சுமையாவின் ஃபோன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வெள்ளி, மூன்று மணி நாலு நிமிஷம்: தேடல் தளம். அடுத்த நொடி, அரசுத் தளம் போலவே பெயர் வைத்த ஒரு போலித் தளம். அதை இப்போது முடக்கிவிட்டார்கள். அரசுப் பக்கம் மறுபடி முதலில் வந்து நின்றுவிட்டது. அதனால்தான் அஃப்ரீத் தட்டியபோது சரியாகத் திறந்தது.

"பாவம் சார், அவனுக்குத் தெரியாது" என்றாள் யுவராணி.

ராஜகுரு தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு சென்டருக்குள் நுழைந்தார். அக்கம்பக்கத்து ஆட்களும் வாசலில் கூடிவிட்டார்கள். சுவரில் அந்த வெள்ளைத்தாள் அப்படியே இருந்தது; அதில் பேனாவால் எழுதிய அரசுத் தளத்தின் சரியான முகவரி.

"இது எப்ப ஒட்டினது தம்பி?"

"நேத்துத்தான் சார்."

"புதன்கிழமை நீ போட்ட பிரிண்டர் படத்துலயும் இருக்கே. சுமையா விண்ணப்பிச்சது அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு."

அஃப்ரீத்துக்கு முகம் செத்துப்போயிற்று.

"அந்தக் கோடும் இதே லிங்க்குதான், புதன்கிழமைதான் தப்பாப் போகுதுன்னு தெரிஞ்சுச்சு சார். குழுவுல சொன்னா, லிங்க் கூட ஒழுங்காப் போடத் தெரியாதவன்னு கடைக்கு ஒருத்தரும் வர மாட்டாக. எல்லாரும் திங்கக்கிழமையே போட்டுட்டாகன்னு நெனச்சேன்."

"சரி. சோம்பல்ல ஒரு தப்பு, பயத்துல ஒரு தப்பு. அந்தப் புள்ளையப் பொய்க்காரின்னு சொன்னியே, அது எதுல?"

"உங்கூடப் பொறந்தவளா இருந்தா இப்படிச் சொல்லுவியாண்ணே?" என்று கேட்டாள் சுமையா. அட, மனுஷன் கடையைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் பெயரை நாறடிப்பானா! நாறடித்திருந்தான்.

பௌசியா அங்கேயே துபாய்க்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் சாதிக் விம்முவது கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! எம்புள்ள பொய் சொல்லலை."

சுமையாவின் முகம் மலர்ந்தது. "அத்தா, அப்ப அடுத்த வருஷம் நான்..."

"அடுத்த வருஷமா? மாப்பிள்ளை வீட்டுல இந்தப் பழிப் பேச்சைக் கேட்டுத்தாம்மா தயங்கி நின்னாக. இனி என்ன தடை? பௌசியா, இன்னைக்கே அவுககிட்டச் சொல்லிரு."

ஃபோன் அணைந்தது. யுவராணி ராஜகுருவைப் பார்த்தாள். அவர் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

சுமையா தாயின் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, இதுக்குத்தான் இவுகளைக் கூட்டியாந்தியா?"

பௌசியா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.