ஞாயிறு மூன்று மணி, மின்னல் விரல்

பாட்டு முடிந்த பிறகும் அந்த டக் டக் மட்டும் நிற்கவில்லை.

செல்வப்பிரியா ஹெட்போனைக் கழற்றினாள். சத்தம் இல்லை. மாட்டினாள். டக், டக், டக். திரையில் அஜய் அனுப்பிய பதிவு கடைசிவரை ஓடி முடிந்து கிடந்தது. வயர் லூசாக இருக்கும் என்று பிளக்கை அழுத்திவிட்டு, உரக்கடை விளம்பரத்தை ஓடவிட்டாள்.

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் மாடி மேல், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய, ஜன்னல் இல்லாத ஒற்றை அறைதான் அந்த வானொலி. விவசாயிகள் சங்கம் நடத்துவது. தென்னை நோய், பால் விலை, பழைய பாட்டு எல்லாம் போக, நாய்கூடக் கேட்காத ஞாயிறு மூன்று மணியை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ‘மின்னல் விரல்’ என்று பெயர் வைத்து, ஷ்ரெட் கிதார் மட்டுமே போட்டாள். நொடிக்குப் பதினைந்து சுரம் கொட்டுகிற, வாசிப்பவனைவிடக் கேட்பவனுக்கு மூச்சு வாங்குகிற சங்கீதம். கீழே கரும்புச்சாறு விற்கும் குப்பண்ணன் இன்று அவள் நிகழ்ச்சிக்கு ஏறி வரும்போதும் படியில் மறித்தார்.

“ஏன் அம்மணி, உன்ற பாட்டுக்காரங்களுக்கெல்லாம் கடைசி பஸ்ஸு போயிருமா? இந்த ஓட்டம் ஓடறாங்க.”

“மிசின நிறுத்திப்போட்டுக் கேளுங்கண்ணா. அப்பத் தெரியும்.”

“மிசின நிறுத்திட்டு நானு ஊட்டுக்குச் சோத்துக்குப் போறன். ரேடியோ கேட்டுக்கிட்டுக் கெடக்கட்டும்.”

மிஷின் மேல் சாக்கைப் போர்த்தி, கம்பத்தில் தொங்கிய ரேடியோவை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

அவளும் வாசிப்பவள்தான். ஏழு வருடப் பயிற்சி. அடுத்த ஞாயிறு கோயம்புத்தூரில் முதல் மேடை. இடது கை அரிவாள்மனைப் பக்கம் போகாது, வாளி தூக்காது, ஸ்கூட்டரில் உறை இல்லாமல் வெளியே வராது. அம்மா அதைச் சின்ன மருமகள் என்று கேலி செய்வாள். அந்தக் கை போனால் தன்னிடம் வேறு ஒன்றுமே இல்லை என்று செல்வப்பிரியா உண்மையாகவே நம்பினாள்.

மறையூர் அஜய் முதலில் அனுப்பியது போன மாதம். வெல்லம் காய்ச்சும் ஆலையில் வேலை, போனில் நிகழ்ச்சி கேட்பதாக எழுதியிருந்தான். பின்னணியில் தாளம் தட்டும் டக் டக்கோடு, நிமிடத்துக்கு நூற்று நாற்பது வேகத்தில் ஒரு பயிற்சி. அவள் மைக்கிலேயே சிரித்துவிட்டாள். “கொஞ்சம் மெதுவா இருக்குதுங்க தம்பி. கைக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு வாங்க.”

அடுத்த ஞாயிறு நூற்று அறுபது வந்தது. பிறகு நூற்று எண்பது. இருநூறு. இன்று இருநூற்று இருபது, ஒரு சுரம் பிசகவில்லை. அவளுக்கே பொறாமையாக இருந்தது. நேரலையில் பேசவைக்கலாம் என்று, விளம்பரம் ஓடும்போதே அதே எண்ணுக்கு அழைத்தாள்.

எடுத்தது அவன் தங்கை மோனிஷா.

“அஜய்கிட்டக் குடு கண்ணு. இன்னைக்கி அனுப்புனது பிரமாதமுங்க.”



“இன்னைக்கா? அண்ணனுக்கு எடது கை போயி நாலு வாரமாச்சுக்கா. மெதுவா இருக்குன்னு நீங்க ரேடியோல சொன்னீங்கல்ல, அன்னைக்கி ராத்திரி பூரா தூங்காம வாசிச்சிச்சு. விடிஞ்சு ஆலையில கரும்பு குடுக்கையில கண்ணு சொக்கிருச்சு. மணிக்கட்டோட போயிருச்சு.”

“அப்பறம் வந்த பதிவெல்லாம் ஆரு அனுப்புனது?” என்று கேட்டாள் செல்வப்பிரியா.

“போனு எங்கிட்டதான் இருக்கு. நாங்க யாரும் ஒண்ணும் அனுப்பலையே” என்றாள் மோனிஷா. “அண்ணன் பேசறதே இல்ல. செவுத்தப் பாத்துக்கிட்டே கெடக்கும். ஞாயித்துக்கெழம மூணு மணியானா மட்டும் சிரிக்கிது.”

“அங்க என்ன சத்தம்?”

“ஆலைக்கா. பல்சக்கரம். வீட்டுக்குப் பின்னாடிதான்.”

டக், டக், டக்.

போனை வைத்தாள். தாளக் கருவி என்று இத்தனை வாரம் நினைத்திருந்தாள். சும்மா சொன்ன ஒரு சொல், சிரிப்புக்காகச் சொன்னது. அழுகை வந்தது, வெட்கமும் வந்தது. காற்றே நுழையாத அந்த அறையில் பச்சைக் கரும்பின் வாடையும், அதற்கு அடியில் அடிப்பிடித்த பாகின் கசப்பும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. ஹெட்போன் மேசை மேல் கிடந்தது. ஆனால் சத்தம் இப்போது அதிலிருந்து வரவில்லை.

யாரோ மேசையைத் தட்டினார்கள்.

அவளுடைய இடது கை.

நாலு விரலும் மாறி மாறி ஓடின. நிறுத்தினாள். நிற்கவில்லை. தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். அங்கேயும் ஓடியது. வலது கையால் மணிக்கட்டைப் பிடித்தாள். அது அவளை எழுப்பியது. கதவுக்கு இழுத்தது. கத்தினாள், முட்டை அட்டைகள் சத்தத்தைக் குடித்தன. படி. இன்னொரு படி. வலது கை பிடித்த கைப்பிடிக் கம்பி வழுக்கியது.

வீதியில் ஆளில்லை. கடைகள் சாத்தியிருந்தன. வாளையார்ப் பக்கத்திலிருந்து வீசிய காற்றில் புழுதி சுற்றியது.

சாக்குக்கு அடியில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிளக் கழன்று தரையில் கிடந்தது. சக்கரத்துச் சலங்கை சிணுங்கியது. டக், டக், டக்.

கம்பத்து ரேடியோ பேசியது. அவள் குரல். அவள் வாய் இறுக மூடியிருந்தது.

“அடுத்த பதிவுங்க. கொழிஞ்சாம்பாறையிலிருந்து செல்வப்பிரியா அனுப்பியிருக்காங்க. வேகம் இருநூத்தி நாப்பதுங்க.”

விரல்கள் ஓடிக்கொண்டே சாக்குக்குள் நுழைந்தன. ஈரம். இரும்பு.

“கொஞ்சம் மெதுவா இருக்குதுங்க” என்று சிரித்தது ரேடியோ. “கைக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு வாங்க.”

சலங்கை வேகம் பிடித்தது. கரும்பே வைக்காத மிஷினிலிருந்து, கீழே இருந்த தம்ளரில் சாறு சொட்ட ஆரம்பித்தது.