மூச்சு மட்டும்

ஹெட்ஃபோனை மாட்டியதும் முதலில் கேட்டது ஒரு மூச்சு. பாட்டைத் தொடங்குவதற்கு முன் பாடகி இழுக்கிற மூச்சு. மூக்கின் ஓரத்தில் லேசாக உரசி, நெஞ்சுக்குள் இறங்கி, ஒரு கணம் அங்கேயே தங்குகிற மூச்சு. அது அவளுடையதுதான். இத்தனை வருஷம் மைக்கின் முன்னால் நின்றவளுக்குத் தன் மூச்சு தெரியாதா என்ன? ஆனால் அவள் இன்னும் மூச்சை இழுக்கவே இல்லை. மைக்கும் இன்னும் திறக்கவில்லை.

முன்பு பாடிப் பதிந்த பழைய டேக்கை ஓட்டிப் பார்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, கொண்டுவந்த வெந்நீரில் ஒரு வாய் குடித்தாள். பாடும் அறை எப்போதும்போலத்தான் இருந்தது. சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்த சாம்பல் துணி, எத்தனையோ பேரின் வியர்வையைக் குடித்த கம்பளத்தின் புளித்த வாடை, ஜன்னலே இல்லாததால் வெளியே மத்தியானம் என்பதையே மறக்கடிக்கும் மங்கல், தரையோரமாக வந்து கால்விரலைத் தொட்டுப் போகும் ஏசிக் காற்று. கதவு கனமானது, சாத்தினால் அதன் ரப்பர் விளிம்பு சட்டத்தைக் கவ்விக்கொள்ளும், காது அடைத்துப் போகும். எதிரே கண்ணாடி. அதற்கு அப்பால் கருவிகளின் பச்சை வெளிச்சத்தில் ஒலிப்பதிவாளர். ‘சைலன்ஸ், சைலன்ஸ்’ என்று கத்திக் கத்தியே அவருக்குச் சைலன்ஸ் என்று பேர் வந்துவிட்டது. வீட்டில் பொண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று யூனிட்டில் சிரிப்பார்கள்.

அவளுக்கும் ஒரு பேர் உண்டு. ட்ராக் அக்கா. படப்பிடிப்புக்கு முன்னால் யாராவது ஒருத்தி பாட்டைப் பாடிக் கொடுக்க வேண்டும். அதை ஓடவிட்டு நடிகை வாயசைப்பாள். எல்லாம் முடிந்தபின் பேர்பெற்ற பாடகி வந்து அதே பாட்டைப் பாடுவாள், முதலில் பாடியவளின் குரலை அழித்துவிடுவார்கள். அழிபடப் போகிற அந்தக் குரல்தான் ட்ராக். எத்தனை படத்தில் அவளை அழித்திருக்கிறார்கள் என்று அவளுக்கே கணக்கில்லை. தியேட்டரில் உட்கார்ந்து அந்தப் பாட்டுகளைக் கேட்கும்போது வயிறு எரியும். எரிந்து என்ன செய்ய?

ஆனால் இந்தப் படம் அப்படி இல்லை. நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகப் போன காலத்துக் கதை; மேடையில் பாடியே வாழ்ந்த ஒருத்தியின் கதை; வரிசையாகப் பாட்டு. கதாநாயகி வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தங்கை. பொடிசு. உலகத்துக்கு அவள் பெரிய நடிகையாக இருக்கலாம், அக்காவுக்கு இன்றைக்கும் பொடிசுதான். அந்தப் பொடிசு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “உன்மேல சத்தியமாக்கா. இதுல உன் குரல்தான். இல்லேன்னா நான் நடிக்கவே மாட்டேன்.” ட்ராக் அக்கா அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்.

காலையில் சைலன்ஸ் போன் பண்ணி, “சின்ன வேலைக்கா, வந்துட்டுப் போயிடுங்க” என்றபோது, ஏற்கெனவே பாடிக் கொடுத்த கடைசிப் பாட்டில் ஏதோ ஒரு வரியைத் திருத்திப் பாட வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் இருப்பதில் நல்ல உடையாகப் போட்டுக்கொண்டு கிளம்பி வந்தாள்.

சுவரில் இருந்த திரை உயிர் பெற்றது. காஸ் விளக்கு, சிவப்புத் திரைச்சீலை, கழுத்து நிறையப் பழங்கால நகைகளோடு பொடிசு. தோள் மெல்ல உயர்ந்தது. வாய் திறந்தது. குரல் வந்தது.

வேறு குரல்.

“தம்பி, வேற ட்ராக் ஓடுது பாருங்க” என்றாள்.

சைலன்ஸ் தலை நிமிரவில்லை. அவர் பக்கத்திலிருந்து குனிந்து, உள்ளே பேசுவதற்கான பொத்தானை அழுத்தியவர் இசையமைப்பாளர். நல்ல மனுஷன்தான், குழைந்து குழைந்து பேசுவார். “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பேர்பெற்ற பாடகி, நம்ம பெரியம்மாவே வந்து பாடிட்டாங்க. எல்லாப் பாட்டும். ஆனா ஒரு சிக்கல். சின்னவங்க உங்க பாட்டுக்குத்தானே வாயசைச்சாங்க? நீங்க எங்க மூச்சு எடுத்தீங்களோ அங்கதான் அவங்க தோள் ஏறுது. பெரியம்மா அங்கெல்லாம் மூச்சே எடுக்கல, ஒரே இழுப்பா பாடிட்டாங்க. பார்க்க பொம்மை மாதிரி இருக்கு. அந்த இடத்துல மட்டும் உங்க மூச்சு வேணும். பாட்டு வேண்டாம். மூச்சு மட்டும் குடுத்தா போதும்.”

அவளுக்குக் காது ‘ஙொய்’யென்றது.

“என் பழைய பாட்டுல இருந்து எடுத்துக்க வேண்டியதுதானே?”

“பெரியம்மா பாடினதும் வழக்கம்போல அழிச்சுட்டாங்கம்மா. கைப்பழக்கம். துளிகூட மிச்சமில்ல.”

அப்படியென்றால் ஹெட்ஃபோனில் கேட்டது?

கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கண்ணாடிக்கு அப்பால், சோபாவின் இருட்டு மூலையில், ஒரு வளையல் மினுங்கியது. பொடிசு உட்கார்ந்திருந்தாள். அத்தனை நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறாள், பாவி.

“உனக்குத் தெரியுமாடி?”

பொடிசு எழுந்து வந்து பொத்தானை அழுத்தினாள். “கோவப்படாதக்கா. உன் குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா போஸ்டர்ல பேர் வேணும்ல? நான்தான் பெரியம்மாவைக் கேட்கச் சொன்னேன்.” வளையலைத் திருகிக்கொண்டே சொன்னாள்: “மூச்சுக்கு நீதான் வேணும்னும் நான்தான் சொன்னேன். எனக்காகக்கா.”

நான்தான் சொன்னேன். நெஞ்சில் ஏறி மிதித்தது போலிருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போயிருக்க வேண்டும். போகத்தான் நினைத்தாள். ஆனால் ‘எனக்காகக்கா’ என்ற அந்தச் சொல்லை அவளால் என்றைக்குமே தட்ட முடிந்ததில்லை. சின்ன வயசில் பொடிசுக்கு இளைப்பு. உதடு நீலம் பாய்ந்து, கண் செருகி, படுக்கையில் எழுந்து உட்கார்ந்து தவிக்கும். அப்போதெல்லாம் அக்கா அவள் முதுகில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு, “என்கூட இழு. மெல்ல இழு, மெல்ல விடு” என்று கூடவே மூச்சு விடுவாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு நெஞ்சும் ஒன்றாக ஏறி இறங்கும். அந்தப் பழக்கத்தில்தான் படத்திலும் அவள் தோள் அக்காவின் மூச்சுக்கே ஏறியது.

‘தின்னு தொலை’ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மைக்கின் முன் நின்றாள்.

பாட்டு ஓடியது. யாரோ பாடினார்கள். பொடிசின் தோள் ஏறும் இடத்தில் அவள் மூச்சை இழுத்தாள். “அருமைக்கா” என்றார் சைலன்ஸ். அடுத்த இடம். இழுத்தாள். மூக்கு வழியாகக் காற்று போவது தெரிந்தது, தொண்டை குளிர்ந்தது, ஆனால் நெஞ்சு நிறையவில்லை. ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற மாதிரி எங்கோ போனது. பதற்றம்தான், ஆத்திரம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இன்னொரு இடம். இந்தத் தடவை அவள் இழுப்பதற்கு முன்பே ஹெட்ஃபோனில் அந்த மூச்சு கேட்டது. அவளுடைய அதே மூச்சு. முன்கூட்டியே.

விட வேண்டிய மூச்சு வெளியே வரவில்லை. உள்ளே எதுவுமே இல்லை.

திரையில் பொடிசின் கன்னம் சிவந்திருந்தது. முன்பு இவ்வளவு சிவப்பு இல்லையே? தொண்டைக்குழி துடிப்பது தெரிந்தது. நகைகள் அசைந்தன.

“கொஞ்சம் நிறுத்துங்க தம்பி. தலை சுத்துது.”

“நிறுத்திட்டேன்கா.”

பாட்டு நின்றது. படம் நின்றது. காஸ் விளக்கின் சுடர் அப்படியே உறைந்திருந்தது. திரைச்சீலை உறைந்திருந்தது. பொடிசின் பாதி திறந்த வாய் உறைந்திருந்தது.

தோள் ஏறியது.

மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே நிஜப் பொடிசு. அதே தோள். அதே நேரத்தில் ஏறி, அதே நேரத்தில் இறங்கியது. எத்தனை மருந்து சாப்பிட்டும் அவளை விடாத இளைப்பின் அந்தச் சன்னமான வீசிங் சத்தம் இன்றைக்கு இல்லை. பொத்தானை அழுத்தியபடி அவள் முன்பு பேசியபோதும் அது கேட்கவில்லை. இப்போதுதான் உறைத்தது.

அவள் கதவுக்குப் போனாள். இழுத்தாள். ரப்பர் விளிம்பு விடவில்லை. கையில் பலமில்லை. கத்த வாயைத் திறந்தாள்.

காற்று வேண்டுமே, கத்துவதற்கு.

கண்ணாடியைக் கையால் அறைந்தாள். பஞ்சுச் சுவரும் கனத்த கண்ணாடியும் அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கின. சைலன்ஸ் குனிந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தார். இசையமைப்பாளர் பதிந்த மூச்சுகளை ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டு, கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். பொடிசு மட்டும் பார்த்தாள். அக்காவின் உதட்டைப் பார்த்தாள். நீலம் பாய்ந்த உதட்டை அவளைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டாள். அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது, அவள் தெரிந்துகொண்டாள் என்று.

சொல்லுடி. ஒரு வார்த்தை. கதவைத் திறக்கச் சொல்லுடி.

“எல்லாம் கிடைச்சிருச்சுக்கா” என்றது சைலன்ஸின் குரல் காதுக்குள். “கடைசியா ரூம் டோன் மட்டும். மைக் கிட்டயே அசையாம நில்லுங்க.”

ஒவ்வொரு பதிவின் முடிவிலும் இப்படித்தான். பாடியவர் பாடிய இடத்திலேயே நிற்க, அறையின் வெறும் நிசப்தத்தைக் கொஞ்ச நேரம் பதிந்துகொள்வார்கள், வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு. பழகிய கால்கள் தாமாகவே மைக்குக்குத் திரும்பின. அங்கே நின்றன. அதற்கப்புறம் அவை அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

பொடிசு கண்ணாடிக்கு மிக அருகில் வந்தாள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை.

மெல்ல இழு. மெல்ல விடு.

பிறகு ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்தாள்.

சைலன்ஸ் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் அடியில் கிடந்தது. துளிகூட அசையவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முகம் மலர்ந்துபோய், இசையமைப்பாளர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

“சார், கேளுங்களேன். உள்ள ஆளே இல்லாத மாதிரி எவ்வளவு சுத்தமா இருக்கு!”

எதிரே கண்ணாடியில் சைலன்ஸின் மூச்சு படிந்து மறைந்தது. பொடிசின் மூச்சு படிந்தது, மறைவதற்குள் அதன்மேலேயே இன்னொரு மூச்சு படிந்தது. உள்ளே மைக்கின் முன், கண் திறந்தபடி, நல்ல உடையில், அக்கா அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.