தொட்டியில் கரைந்த படம்

"எடுக்காத படத்த எடுத்ததா பொய் சொன்னேனாம். ஆலைக்காரங்ககிட்ட மன்னிப்பு கேட்கணுமாம். செத்தாலும் கேட்க மாட்டேன்!"

புகைப்படக்காரி படச்சுருளைத் துப்பறிவாளரின் மேசைமேல் போட்டாள். தோல் ஆலை ஆற்றில் கழிவைக் கொட்டுவதை அவள் படம் பிடித்திருந்தாள். மறுநாள் விசாரணை. சுருளைக் கழுவி, படங்களைக் கண்ணால் பார்த்து, தொட்டித் தண்ணீரில் அலச விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது சுருள் கண்ணாடியாய்த் தெளிந்து கிடந்தது.

"படமே பதியாத சுருளா இருக்குமோ?" என்று துள்ளினார் துப்பறிவாளரின் கூட்டாளி. 'அவசரம்' என்பது அவருடைய பட்டப்பெயர்.

"அப்படின்னா ஓரத்துல கம்பெனி பதிச்ச எண்ணாவது தெரியணுமே? அதுவும் இல்ல." துப்பறிவாளர் விரலை நனைத்துச் சுருளின் இருபுறமும் தடவினார். "ஒரு பக்கம் பிசுபிசுக்கணும். ரெண்டும் வழுக்குது. படத்தத் தாங்குற ஜெலட்டின் படலமே போயிருக்கு."

"கொதிக்கிற தண்ணி!"

"ஃபிலிம் நெளிஞ்சிருக்கும். வீட்ல யார் இருந்தாங்க?"

"அக்காவும் அத்தானும். அத்தான் அந்த ஆலையிலதான் கிடங்கு கணக்கர். ஆனா தங்கமான மனுஷன்."

எல்லோரும் புகைப்படக்காரியின் வீட்டுக்குப் போனார்கள். தொட்டியின் விளிம்பில் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. மிச்சமிருந்த தண்ணீரில் துப்பறிவாளர் புது ஃபிலிம் துண்டொன்றைப் போட்டார். அக்கா எல்லோருக்கும் தேநீர் தந்தாள். அத்தான் மட்டும் தம்ளரைக் கைக்குட்டையால் பிடித்தார்.

தேநீர் தீர்வதற்குள் துண்டு தெளிந்துவிட்டது.

"தோல்ல ஒட்டுன முடிய உதிர்க்க ஆலையில நொதித்தூள் இருக்கு" என்றார் துப்பறிவாளர். "நொதி கத்திரிக்கோல் மாதிரி. பெரிய புரதத்தப் பொடிப்பொடியா நறுக்கித் தண்ணியில கரைச்சிடும். ஜெலட்டினும் புரதம்தான். மனுஷத் தோலையும் அது சும்மா விடாது. கணக்கரய்யா, கைய விரிங்க."

விரல் நுனிகள் சிவந்து உரிந்திருந்தன.

"முதலாளி சொன்னார்" என்று முனகினார் அத்தான். "வேலை போயிடும்னு பயந்துட்டேன். குடும்பத்துக்காகத்தான்..."

"குடும்பமா?" அக்கா தம்ளரை நங்கென்று வைத்தாள். "அந்த ஆத்துத் தண்ணியத்தானே நம்ம பிள்ளைங்க குடிக்குதுங்க?" பிறகு தங்கையிடம் திரும்பினாள். "நாளைக்கு நானும் வரேன். என் புருஷன் என்ன செஞ்சார், யார் சொல்லிச் செஞ்சார், எல்லாத்தையும் என் வாயாலயே சொல்றேன்."

"ஆலைக்காரங்க சும்மா இருப்பாங்களா?" என்றார் அவசரம்.

"வரட்டுமே" என்றாள் அக்கா.

புகைப்படக்காரி புதுச் சுருளைக் கேமராவில் மாட்டிக்கொண்டிருந்தாள். "வெளிச்சம் இருக்கு அக்கா. செருப்பப் போடு. இந்தத் தடவை ஆலை வாசல்ல நின்னே எடுப்போம்."